எங்க ஜனம்

தம்பி,

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. மடித்து அப்படியே உன் மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன். பஸ்ஸில் அவன் படித்தாலும் படிக்கட்டும், உன் ரூமில் தங்கியிருக்கிற கூட்டாளி படித்தாலும் படிக்கட்டும், உன் ஆபீசில் நாலு பேர் கைமாறிப் படித்தாலும் படிக்கட்டும். மறைக்க வேண்டிய காரியத்தைச் செய்தவன் நீ, நான் இல்லை. எப்போதும் உன் சுகத்தை விசாரித்துத்தான் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை விசாரிக்க மனசு வரவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன கேடு?

உன் கல்யாணப் பத்திரிகை கள்ளக்குறிச்சியிலிருந்து அச்சாகி வந்தது. குலசாமிக்கு ஒன்று வைத்தோம். உன் தாய்மாமனுக்கு ஒன்று வைத்தோம். மூன்றாவதை எடுத்துக்கொண்டு நான் மலை ஏறினேன். கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் இரண்டு மணி நேரம். முட்டி வலிக்கு அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்து போனேன். யார் வீட்டுக்கு என்று உனக்குத் தெரியும். சின்னப்பையன் வீட்டுக்கு. பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தேன். அவன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் பெண்சாதி குப்பம்மாள் வாங்கி, உன் பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டுத் தடவிப் பார்த்தாள். அவர்களுடைய மகள் ராசாத்தி மட்டும் பக்கத்தில் வரவில்லை. கூடத்து மூலையில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டே இருந்தாள். ப்ளஸ் டூ பாஸ் பண்ணிய பெண், அந்த ஊரிலேயே முதல் ஆள், இப்போது எங்காவது படித்துக்கொண்டு இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். "இன்னாம்மா, காலேஜில சேரலியா?" என்று சும்மாதான் கேட்டேன். முறம் நின்றது. பெண் எழுந்து வெளியே போய்விட்டாள்.

குப்பம்மாளுக்கு அடக்க முடியவில்லை. "இன்னாத்த சொல்றதுங்க. நர்ஸு படிப்புக்குப் பேரு வந்துச்சி, காயிதம் வந்துச்சி. ஜாதி சர்ட்டிபிகேட்டு இருந்தாத்தான் சேத்துப்பாங்களாம். உங்க புள்ள ஆபீசுக்குத்தான் மூணு தபா நடந்துக்கினு கீறோம். நாளைக்கு வா, நாளைக்கு வான்றாரு. வர்ற வியாழக்கெழம கடைசி நாளு" என்றாள். சின்னப்பையன் சட்டென்று அவளை அடக்கினான். "ஏய், கம்முனு இரு. கல்யாணப் பத்திரிக வெச்சிக்கினு கீறாரு, அவராண்ட போய் இன்னா பேச்சு இது." என் மகனா, எந்த ஆபீஸ், எந்த மேசை என்று திருப்பித் திருப்பிக் கேட்டேன். நீதான். பழங்குடிச் சான்றிதழ் மனுவெல்லாம் உன் மேசையில்தான் வருகிறதாம். அப்புறம் சின்னப்பையனே சொன்னான், என்னைப் பார்க்காமல் சொன்னான். "மொத தபா போவும்போது, தம்பிக்குத் தேன்னா புடிக்குமேன்னு ஒரு பாட்டுலு எடுத்துக்கினு போனேங்கண்ணே. கூட்டமா இருந்துச்சி. பக்கத்துல பெரிய குமாஸ்தா வேற உக்காந்துக்கினு இருந்தாரு. இதெல்லாம் இங்க கொண்டாராதன்னுட்டாரு. தம்பிக்கு அடையாளம் தெரியல போல."

அடையாளம் தெரியல போல! ஏன்டா, கண்ணா அவிந்துபோனது உனக்கு? ஐந்து வருஷத்தில் ஒரு மனுஷன் முகம் மறந்துபோகுமா? நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது எனக்கு. இரண்டாம் தடவை பெண்ணும் தாயும் வந்தபோது, "நீங்க மலைக்காரங்கதான்றதுக்கு இன்னா ஆதாரம்?" என்று கேட்டாயாம். மூன்றாம் தடவை, "அப்பன் படிச்ச சர்ட்டிபிகேட்டு கொண்டா" என்றாயாம். அவன் எங்கேயடா படித்தான்? அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த மலையில் பள்ளிக்கூடம் ஏது? கிராம அதிகாரி விசாரித்து எழுதிய அறிக்கை இருபது நாளாக உன் மேசையில் கிடக்கிறதாமே, அதில் இன்னும் என்ன குறை கண்டாய்? நீ ஒரு தடவை 'நாளைக்கு வா' என்றால் அவர்களுக்கு அது இரண்டு நாள். இருட்டில் எழுந்து நடந்து, பஸ் பிடித்து, உன் ஆபீஸ் வாசலில் காய்ந்து, திரும்பி வரப் பஸ் இல்லாமல் கீழேயே எங்காவது முடங்கிக் கிடந்து, மறுநாள் ஏற வேண்டும்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "அப்பா, ரூல்ஸ்" என்பாய். போலி ஆட்கள் பொய்ச் சான்றிதழ் வாங்குகிறார்கள், நாங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா என்பாய். இரு, வருகிறவர்களை எல்லாம் ஜாக்கிரதையாகப் பார். ஆனால் இவன் போலியா என்று உனக்குத் தெரியாதா? உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்கும் எனக்கும் தெரியுமே!

உனக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். நீ காலேஜில் சேர்ந்த வருஷம் சாதிச் சான்றிதழுக்கு நான் ஒரு ஆபீசுக்கு ஆறு தடவை நடந்தேன். அங்கே ஒரு குமாஸ்தா இருந்தான். ஒரு தடவைகூடத் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே "நாளைக்கு வா" என்பான். எலவனாசூர்கோட்டையில் உன் அத்தை மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடியில் உட்கார வைக்க நான் போயாக வேண்டும். அன்றைக்கும் அவன் 'நாளைக்கு வா' என்று முதல் நாள் சொல்லிவிட்டதால் ஆபீஸ் வாசலில் நின்றேன். உன் அத்தை இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. ஆறாவது தடவை காகிதம் வாங்கி வெளியே வந்தபோது நீதான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "நம்ம பசங்க ஒருத்தன் அந்த நாற்காலில உக்காந்தான்னா, ஜனங்கள இப்பிடி நிக்க வெப்பானாடா?" என்று கேட்டேன். "மாட்டான்ப்பா" என்று நீ சொன்னாய். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இட ஒதுக்கீடு கேட்டு நான் ரோட்டுக்கு வந்தேன்.

நாம் கேட்டது நியாயம். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் நின்றவன் தன் பிள்ளைக்குப் படிப்பிலும் வேலையிலும் ஒரு பங்கு கேட்டால் அதில் என்ன தப்பு? தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரப் புளியமரத்தை வெட்டிச் சாய்த்து மறியல் செய்தோம், நீயும் ஒரு கிளையை இழுத்தாய். அந்த மரத்தை வெட்டியதற்கு இன்று வருத்தப்படுகிறேன், கேட்டதற்கு வருத்தப்படவில்லை. அப்புறம் போலீஸ் ஊருக்குள் வந்தது. வீடு வீடாகத் தேடினார்கள். ஆம்பளை என்று ஊரில் ஒருத்தன் தங்கவில்லை. கரும்புத் தோட்டத்தில் கிடந்தவர்கள் கிடந்தார்கள், நீயும் நானும் மேற்கே பார்த்து நடந்தோம். மலையில் நமக்கு யாரைத் தெரியும்? ஒரு நாய்க்குட்டியைக்கூடத் தெரியாது. கரியாலூரைத் தாண்டி வழி தப்பி, உன் பாதத்தில் முள் குத்திச் சீழ் வைத்து, ஓடைப் பக்கத்தில் நீ சுருண்டு கிடந்தபோது மாடு ஓட்டிக்கொண்டு வந்தவன்தான் சின்னப்பையன். ஊர் கேட்கவில்லை, பேர் கேட்கவில்லை, என்ன சாதி என்று கேட்கவில்லை. உன் காலைத்தான் பார்த்தான். உன்னை முதுகில் தூக்கிக்கொண்டான்.

பதினோரு நாள் தம்பி. பதினோரு நாள் அந்த வீட்டில் தின்றோம். முதல் நாள் சாமைச் சோறு உனக்கு இறங்கவில்லை, முகத்தைச் சுளித்தாய். பதின்மூன்று வயதுப் பெண், இந்த ராசாத்திதான், உள்ளே போய்த் தேன் கொண்டுவந்து உன் சோற்றில் ஊற்றினாள். அதற்கப்புறம் தேன் இல்லாமல் நீ சாப்பிடவில்லை. அவர்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பானைத் தேன், அதை நீ காலி பண்ணினாய். அந்தத் தேன்தான்டா உன் மேசைக்கு வந்தது! அதைத்தான் 'இதெல்லாம் இங்க கொண்டாராத' என்றாய்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, இரண்டு போலீஸ்காரர்களும் ஒரு காட்டிலாகா ஆளும் வந்தார்கள். நாம் சோற்றில் கை வைத்த நேரம். நீ என் துண்டைப் பிடித்துக்கொண்டாய், இருபது வயதுப் பிள்ளை. "யார்ரா இவங்க? பாத்தா கீழ ஆளுங்க மாதிரி கீது" என்று கேட்டான் ஒருத்தன். சின்னப்பையன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான். "எங்க ஜனங்க சாமி. எம் பெரியப்பன் வூட்டு ஆளுங்க. சாமக்காட்டு வேலைக்கு வந்துகிறாங்க" என்றான். "இன்னா ஆதாரம்?" என்றான் போலீஸ்காரன். சின்னப்பையன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "ஆதாரத்துக்கு இன்னா சாமி, எங்க வூட்ல எங்க கூட உக்காந்து சாப்புடுறாங்கல்ல" என்றான். அவர்கள் நம் இலையைப் பார்த்தார்கள், அவன் இலையைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். பொய் வெளிப்பட்டிருந்தால் அவனைக் கட்டி இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அவனுக்குப் பெண்சாதி, ஒரு பெண் குழந்தை. முன்பின் தெரியாத இரண்டு பேருக்காக அவன் அந்தப் பொய்யைச் சொன்னான். நம்மை மலைக்காரர்கள் என்று ஒரே வார்த்தையில் எழுதிக் கொடுத்தவனிடம், நீ மலைக்காரன்தானா என்று ஆதாரம் கேட்டிருக்கிறாய். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டா? உண்டென்றால் சொல், தெரிந்துகொள்கிறேன்.

மலையிலிருந்து இறங்கி வந்து வீட்டில் குதித்தேன். பத்திரிகைக் கட்டைத் தூக்கி வீசினேன். கல்யாணமாவது மண்ணாங்கட்டியாவது என்று கத்தினேன். எப்படிப் பிறந்தான் இவன், எங்கே கற்றுக்கொண்டான் இந்தப் புத்தியை என்று உன் அம்மாவைப் பார்த்துக் கேட்டேன். அவள் சிதறிக் கிடந்த பத்திரிகைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். எல்லாம் பொறுக்கி முடித்து நிமிர்ந்து, "எங்க கத்துக்கினான்னு என்ன கேக்குறீங்களா? நம்ம மாட்டுக்கொட்டாயில கத்துக்கினான்" என்றாள். அதோடு உள்ளே போய்விட்டாள்.

மறந்துபோனாயா என்று உன்னைக் கேட்டேன். நான் மறக்கவில்லை, மறந்த மாதிரி இருந்தேன். மறியல் முடிந்து அடுத்த வருஷம், உன் அக்காளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வீடு நிறைய ஜனம். அந்த நேரம் பார்த்து வாசலில் சின்னப்பையன் வந்து நின்றான். தலையில் ஒரு பலாப்பழம். அதைச் சுமந்துகொண்டு மலை இறங்கி, ஊர் ஊராக வழி கேட்டுக் கேட்டு வந்திருந்தான். தொடை தெரியும் வேட்டி, அழுக்குத் துண்டு, வாயெல்லாம் சிரிப்பு. என்னைப் பார்த்ததும் "அண்ணே" என்றான். மாப்பிள்ளையின் அப்பா, "யாருங்க அது?" என்று கேட்டார். போலீசுக்குப் பயந்து மலையில் பதுங்கியவன் என்று தெரிந்தால் சம்பந்தம் கைவிட்டுப் போகுமோ என்று பயம். கேஸ் கீஸ் என்று பேச்சு வருமோ என்று பயம். அதைவிடப் பெரிசாக, இந்த ஆளோடு எனக்கு என்ன உறவு என்று அவர்கள் நினைப்பார்களே என்ற வெட்கம். "பலாப்பழம் விக்க வந்தவன்" என்று சொன்னேன்.

சின்னப்பையன் காதில் விழுந்தது. பழத்தை இறக்கி வைத்தான். நான் அவனை மாட்டுக்கொட்டகைக்கு அழைத்துப் போய் அங்கே இலை போடச் சொன்னேன். உன் அம்மா போட்டாள். தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வந்தவன் நீ. நீ என் முகத்தைப் பார்த்தாய், ஏதோ சொல்ல வாயெடுத்தாய், நான் கண்ணைக் காட்டி அடக்கினேன். அவன் சாணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான், இலையை அவனே எடுத்துப் போட்டான், "வரேங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பழத்தை அன்றைக்கு வந்தவர்களுக்கே அறுத்துக் கொடுத்தோம். நல்ல தித்திப்பு என்று சொல்லிச் சொல்லித் தின்றார்கள். அந்தக் கறையைக் கழுவத்தான் ஐந்து வருஷம் கழித்து மூன்றாவது பத்திரிகையை அவன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். போன இடத்தில் அதே கறை உன் சட்டையில் இருக்கிறது.

மறைக்க வேண்டிய காரியத்தைச் செய்தவன் நீ, நான் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். கிடக்கட்டும், எனக்கு எவ்வளவு துணிச்சல் என்று நீயும் பார். உனக்கு என்ன பயம் என்று இப்போது புரிகிறது. பக்கத்தில் பெரிய குமாஸ்தா. சின்னப்பையன் 'அந்தப் பதினோரு நாள்' என்று வாயைத் திறந்துவிட்டால், நீ மறியலில் இருந்தவன் என்று ஆபீசில் தெரிந்துபோனால், வேலைக்கு ஏதாவது வருமோ என்று பயம். அதனால் தெரியாதவன் மாதிரி இருந்தாய். தெரியாதவன் மாதிரி இருந்ததைக் காப்பாற்ற, ஊரில் யாரிடமும் கேட்காத ஆதாரத்தை எல்லாம் அவனிடம் கேட்டாய். நான் செய்ததைத்தான் செய்தாய். அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நான் செய்ததில் ஒரு மனுஷன் மாட்டுக்கொட்டகையில் சாப்பிட்டான், அவ்வளவோடு முடிந்தது. நீ செய்வதில் ஒரு பெண்ணின் படிப்பு வியாழக்கிழமையோடு போகும். அவள் நர்ஸாக வந்தால் அந்த மலையில் எத்தனை பிரசவம், எத்தனை காய்ச்சல் என்று யோசித்தாயா? உன் காலில் சீழ் வைத்தபோது பச்சிலை அரைத்துக் கட்ட மட்டும்தான் அங்கே ஆள் இருந்தது.

உன் ரூம் சுவரில் தலைவர்கள் படம் ஒட்டியிருக்கிறாய். புத்தகம் அடுக்கியிருக்கிறாய். கொள்கை என்று பெரிது பெரிதாகப் பேசுவாய், நானும் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறேன். கூட்டத்தோடு ரோட்டில் கத்துவதற்குப் பெரிய மனசு வேண்டாம் தம்பி, நானே கத்தினேன். உனக்கு மேலே இருக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது, உனக்குக் கீழே நிற்கிறவனைப் பார்த்து 'வாங்க, உக்காருங்க' என்று சொல்ல முடிகிறதா? அது முடியாதென்றால் அந்தப் படத்தையெல்லாம் கிழித்து எறி. ஒரு குமாஸ்தா தலை நிமிராமல் நிற்க வைத்தபோது உன் அப்பனுக்கு வயிறு எப்படி எரிந்தது என்று பார்த்தவன் நீ. அதை மறக்காமல் இருந்தால் போதும், வேறு கொள்கை உனக்கு வேண்டாம். அதை மறந்துவிட்டால் நாம் கேட்டு வாங்கிய இட ஒதுக்கீடு எதற்கு? அந்தக் குமாஸ்தாவை எழுப்பிவிட்டு அதே நாற்காலியில் இன்னொரு குமாஸ்தாவை உட்கார வைக்கவா நாம் அடி வாங்கினோம்?

சட்டத்துக்கு மேலே ஒரு துரும்பும் நான் கேட்கவில்லை. அறிக்கை இருக்கிறது, மனு இருக்கிறது. எழுத வேண்டியதை எழுதி, கையெழுத்துக்கு அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பு. கல்யாணத்துக்கு அவர்கள் மூன்று பேரும் வருவார்கள். முதல் பந்தியில் என் பக்கத்தில்தான் சின்னப்பையனுக்கு இலை. உன் மாமனார் வீட்டில் யாராவது மூக்கைச் சுளித்தால் சுளிக்கட்டும். ஆனால் சான்றிதழ் கிடைக்காமல் அந்தப் பெண் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால், அன்றைக்குத் தாலி எடுத்துக் கொடுக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள். உன் அம்மாவும் இதையே சொல்லச் சொன்னாள். என்னைவிட அவளுக்குத்தான் கோபம் அதிகம், சத்தம் போட மாட்டாள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு உன் ஆபீசுக்கு வருகிறேன். சின்னப்பையன் வருகிறான், ராசாத்தி வருகிறாள். உன் அப்பன் என்று சொல்லி உள்ளே நுழைய மாட்டேன், வரிசையில் நிற்பேன். எங்கள் முறை வரும்போது கூட வந்தது யார் என்று உங்கள் பெரிய குமாஸ்தா கேட்டால், சின்னப்பையன் என்னைக் காட்டி "எங்க ஜனங்க" என்பான். அவனுக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது. உன் ஆபீசில் யாராவது அவனைக் காட்டி உன்னிடமும் கேட்பார்கள், இவர் யார் உனக்கு என்று. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அதே கேள்விக்கு நான் பலாப்பழம் விற்க வந்தவன் என்று சொன்னேன். நீ என்ன சொல்லப்போகிறாய்?

உன் அப்பன்